சங்கிலி விதி கடந்து வந்த பாதை

வரலாறு என்றவுடன் மன்னர்களின் ஆட்சியும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயின் மாணவர் அஞ்சி ஒதுக்கும் ஒரு கணித விதிக்கும் வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாற்றில் நம் மக்கள் கொள்ளத்தக்க பாடம் ஒன்று இருக்கிறது என்பதையும் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, அவ்விதியின் வரலாற்றையே எழுதத் துணிந்தேன்.

ஒரு மாணவரின் வினா

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பை நன்முறையில் முடித்து, மேனிலைப் பள்ளியில் கணிதப் பிரிவில் சேர்ந்த மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். படிப்பை நிறுத்திவிட்டு ஒப்பந்தத் தொழிலாளராக ஓர் ஆலையில் சேரப்போவதாகக் கூறினார். காரணம் கேட்டேன். நுண்கணிதம் விளங்கவில்லை என்றார். எப்பகுதி என்று மீண்டும் கேட்டேன். தம் பாடநூலை எடுத்துச் ‘சார்பின் சார்பை வகையிடல் - சங்கிலி விதி’ என்னும் பக்கத்தைக் காட்டினார்.

“ஐயா, இரண்டு வகைக்கெழுக்களையும் பெருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. ஏன் பெருக்க வேண்டும்? ஏன் கூட்டக் கூடாது? கேட்டால், விதி அப்படித்தான், மனப்பாடம் செய் என்கிறார்கள்” என்றார் அவர்.

வினா நல்ல வினா. விடைதான் என்னிடம் இல்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் அம்மாணவரை அழைத்துச் சென்றேன். அவர் கற்பிக்க, மாணவருடன் நானும் அமர்ந்து கற்றேன். மாணவர் கணிதப் பிரிவிலேயே தொடர்ந்தார். எனக்கோ அவ்விதியை முதலில் யார் கண்டார், எவ்வாறு அது நம் ஊர்ப் பாடநூல் வரை வந்தது என்னும் ஆவல் எழுந்தது. அவ்வாவலின் பயனே இக்கட்டுரை.

சுரங்கக் கூண்டும் கைக்கடிகாரமும்

வரலாற்றிற்குள் புகுமுன் விதியை விளங்கிக்கொள்ளல் வேண்டும். அதற்கு நம் எல்லைக்கு அப்பால் உள்ள கோலார் தங்கவயலுக்குச் செல்வோம். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குச் சுரங்கத் தொழிலை நடத்தினர். வட ஆர்க்காட்டுப் பகுதியினின்றும் சுற்றுப்புறங்களினின்றும் பிழைப்புத் தேடிச் சென்ற ஆதிதிராவிட மக்களே அச்சுரங்கத் தொழிலாளருள் மிகப் பலர். 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை அவர்கள் இறங்கி உழைத்தனர். 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. நம் உறவினர் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் அந்த ஆழத்தைப் பற்றிய பேச்சு உண்டு. அந்த வெப்பத்தைப் பற்றிய பேச்சும் உண்டு.

நிலத்தினுள் ஆழம் செல்லச் செல்லப் பாறையின் வெப்பம் மிகும். கணக்கின் எளிமைக்காக, 100 மீட்டர் ஆழத்திற்கு 1 பாகை வீதம் வெப்பம் ஏறுவதாகக் கொள்வோம். தொழிலாளரை ஏற்றிச் செல்லும் கூண்டு நொடிக்கு 5 மீட்டர் இறங்குவதாகவும் கொள்வோம். கூண்டில் நிற்பவரைச் சூழ்ந்துள்ள பாறையின் வெப்பம் நிமிடத்திற்கு எத்தனை பாகை ஏறும்?

வெப்பம் நேரடியாக நேரத்தைச் சார்ந்ததன்று. அஃது ஆழத்தைச் சார்ந்தது. ஆழமோ நேரத்தைச் சார்ந்தது. இவ்வாறு ஒன்றைச் சார்ந்த மற்றொன்றைச் சார்ந்து நிற்பதையே சார்பின் சார்பு என்கிறோம். ஒரு மீட்டருக்கு நூற்றில் ஒரு பாகை. ஒரு நொடிக்கு 5 மீட்டர். ஆகவே ஒரு நொடிக்கு நூற்றில் 5 பாகை. நிமிடத்திற்கு 3 பாகை. இரண்டு வீதங்களையும் பெருக்கினோம். கூட்டியிருந்தால் என்ன ஆகும்? ‘மீட்டருக்கு இத்தனை பாகை’ என்பதையும் ‘நொடிக்கு இத்தனை மீட்டர்’ என்பதையும் கூட்டுவது, மூட்டைக்கு இத்தனை படி என்பதையும் வண்டிக்கு இத்தனை மூட்டை என்பதையும் கூட்டுவது போலாகும்; அக்கூட்டலுக்குப் பொருள் இல்லை. பெருக்கினால் மட்டுமே வண்டிக்கு இத்தனை படி என்னும் விடை கிடைக்கும். மாணவரின் வினாவுக்கு விடை இதுவே.

இனி ஓசூருக்கு வருவோம். 1970களில் சிப்காட் தொழில் வளாகம் உருவாகத் தொடங்கிய பின், 1980இல் அசோக் லேலண்டு ஆலையும், அதன்பின் டிட்கோவும் டாட்டாவும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகார ஆலையும் இங்கு அமைந்தன. அத்தகைய குவார்ட்சுக் கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் சங்கிலி விதி கண்முன் சுழல்வதைக் காணலாம்.

பெரும்பாலான குவார்ட்சுக் கைக்கடிகாரங்களில் சிறு படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மின்சுற்று அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்து, நொடிக்கு ஒரு துடிப்பாக்குகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் சிறு மோட்டாரின் சுழலி அரைச் சுற்று சுற்றுகிறது. சுழலி 30 சுற்று சுற்றினால் நொடிமுள் ஒரு சுற்று. நொடிமுள் 60 சுற்று சுற்றினால் நிமிடமுள் ஒரு சுற்று. நிமிடமுள் 12 சுற்று சுற்றினால் மணிமுள் ஒரு சுற்று. முப்பதில் ஒன்று, அறுபதில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று ஆகிய மூன்றையும் பெருக்கினால் 21,600இல் ஒன்று. 12 மணி நேரத்தில் சுழலி சுற்றும் சுற்றுகள் சரியாக 21,600. ஒரு பல்சக்கரம் அடுத்ததை இயக்க, அஃது அதற்கடுத்ததை இயக்குகிறது. சங்கிலியின் கண்ணிகள் போல வீதங்கள் கோக்கப்பட்டிருத்தலின் இதனைச் சங்கிலி விதி என்பது பொருத்தமே.

இடத்திற்கு இடம் மாறும் கண்ணி

கடிகாரத்தின் பல்சக்கர வீதம் என்றும் மாறாதது. ஆயின் இயற்கையில் காணும் வீதங்கள் பெரும்பாலும் மாறிக்கொண்டே இருப்பவை. இங்கேதான் நுண்கணிதத்தின் உதவி தேவைப்படுகிறது.

நம் ஊர்க் களத்தில் கேழ்வரகைக் கூம்பு வடிவாகக் குவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குவியலின் உயரம் எப்போதும் அடி ஆரத்தில் பாதி என்று கொள்வோம். அடி ஆரம் நிமிடத்திற்கு 1 சென்டிமீட்டர் வீதம் விரிகிறது. நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் தானியம் சேர்கிறது? கொள்ளளவு ஆரத்தைச் சார்ந்தது. ஆரம் நேரத்தைச் சார்ந்தது. கணக்கிட்டால், ஆரம் 1 மீட்டராக இருக்கும் கணத்தில் நிமிடத்திற்குச் சுமார் 16 லிட்டர் சேரும். ஆரம் 2 மீட்டராக இருக்கும் கணத்தில் சுமார் 63 லிட்டர் சேரும். ஆரம் விரியும் வேகம் மாறவில்லை. எனினும் ஆரம் இரு மடங்கானால் சேரும் தானியம் நான்கு மடங்காகிறது. ஏனெனில் ‘ஆரம் சிறிது விரிந்தால் கொள்ளளவு எவ்வளவு பெருகும்’ என்னும் முதற் கண்ணி, நாம் எவ்விடத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

எனவே சங்கிலி விதியைப் பயன்படுத்துவோர் இரண்டைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். வெளிச் சார்பின் வீதத்தை, உட்சார்பு அக்கணத்தில் எம்மதிப்பில் நிற்கிறதோ அம்மதிப்பில் கணிக்க வேண்டும். பின்னர் உட்சார்பின் வீதத்தால் அதனைத் தவறாமல் பெருக்க வேண்டும். மாணவர் தேர்வில் இழக்கும் மதிப்பெண்களில் பெரும்பகுதி இவ்விரண்டில் ஒன்றை மறத்தலால் இழப்பனவே.

கோள்களின் கதியைக் கணித்தோர்

இவ்வாறு கணத்திற்குக் கணம் மாறும் வேகத்தைக் கணிக்கும் தேவை நம் நாட்டில் வானநூலாருக்கு எழுந்தது. கிரகணம் எப்போது தொடங்கும் என்று கூற வேண்டுமாயின், ஞாயிறும் திங்களும் அன்றைய சராசரியில் எவ்வளவு நகரும் என்று அறிந்தால் போதாது. அந்த நேரத்தில் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று அறிய வேண்டும்.

கி.பி. 932ஐ ஒட்டி மஞ்சுளர் என்பவர் தம் லகுமானசத்தில், கோணம் சிறிது மாறும்போது அதன் சைன் மாறும் அளவைக் கொசைனைக் கொண்டு கணிக்கும் முறையைக் கையாண்டார். 1150இல் இரண்டாம் பாஸ்கரர் சித்தாந்த சிரோமணியில் ‘தாத்காலிக கதி’ என்று கணநேர வேகத்திற்குப் பெயரிட்டு விளக்கினார். கோணம் நாளுக்கு எவ்வளவு மாறுகிறது என்பது ஒரு கண்ணி, கோணம் மாறினால் சைன் எவ்வளவு மாறும் என்பது மற்றொரு கண்ணி, இரண்டையும் பெருக்கினர். 

இதனினும் ஒருபடி மேலே சென்றவர்கள் கேரளக் கணித மரபினர். இன்றைய திரூரை அடுத்த திருக்கண்டியூரைச் சேர்ந்த நீலகண்ட சோமயாஜி, 1500ஆம் ஆண்டையொட்டி இயற்றிய தந்திரசங்கிரகம் என்னும் நூலில் மூன்று கண்ணி கொண்ட கணக்கு ஒன்றைத் தீர்த்துள்ளார். கோளின் இடத்தில் செய்ய வேண்டிய திருத்தம் ஒரு வில். அவ்வில்லின் சைன், மற்றொரு கோணத்தின் சைனை ஒரு நிலை எண்ணால் பெருக்கக் கிடைப்பது. அக்கோணம் நாள்தோறும் மாறுவது. அதாவது நாள் மாறக் கோணம் மாறும். கோணம் மாறச் சைன் மாறும். சைன் மாற வில் மாறும். வில்லின் கணநேர வேகத்திற்கு நீலகண்டர் தரும் வாய்பாடு, இன்று நம் மாணவர் சங்கிலி விதியால் பெறும் விடையோடு ஒத்திருக்கிறது. இவ்விதியைத் தம் ஆசிரியர் தாமோதரருக்கு உரியதாக அவர் வேறொரு நூலில் குறிப்பிடுகிறார்.

எனினும் ஒன்றை நேர்மையுடன் கூறல் வேண்டும். எல்லாச் சார்புகளுக்கும் பொருந்தும் பொது விதியாக இதனை அவர்கள் கூறவில்லை. கோள்களின் கணக்கிற்கு வேண்டிய அளவில் கண்டனர். ஆயினும் ஐரோப்பாவில் நுண்கணிதம் தோன்றுவதற்கு ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய கணக்கை அவர்கள் தீர்த்தனர் என்பது போற்றத்தக்கது.

லைப்னிட்சு முதல் கோஷி வரை

ஐரோப்பாவில் ஆங்கிலேயர் நியூட்டனும் செருமானியர் லைப்னிட்சும் தனித்தனியே நுண்கணிதத்தை வகுத்தனர். நாம் இன்றும் எழுதும் வகைக்கெழுக் குறியீடு லைப்னிட்சு 1675இல் உருவாக்கியது. 1676இல் எழுதிய குறிப்பு ஒன்றில், ஒரு கோவையின் வர்க்கமூலத்தை வகையிட அவர் சங்கிலி விதியைப் பயன்படுத்தினார். அக்கணக்கில் ஒரு குறியைப் பிழையாக எழுதினார் என்பதும் வரலாறு. கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் மாற்றி எழுதிவிட்டுக் கலங்கும் மாணவர், லைப்னிட்சுக்கும் அது நேர்ந்தது என்று ஆறுதல் கொள்ளலாம். பின்னர்த் திருத்திக்கொள்ளவும் வேண்டும்.

அவர் கையாண்ட வகையைச் சேர்ந்த எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஓர் எண்ணின் வர்க்கத்துடன் 9ஐக் கூட்டி வர்க்கமூலம் காண்கிறோம். எண் 4 எனில், 16 உடன் 9 சேர்ந்து 25. அதன் வர்க்கமூலம் 5. எண் 4இலிருந்து சிறிது கூடினால் விடை எவ்வளவு கூடும்? உட்கண்ணி: வர்க்கத்தின் வீதம் எண்ணின் இரு மடங்கு, அதாவது 8. வெளிக்கண்ணி: வர்க்கமூலத்தின் வீதம், வர்க்கமூலத்தின் இரு மடங்கால் 1ஐ வகுத்தது, அதாவது பத்தில் ஒன்று. பெருக்கினால் 0.8. சரிதானா என்று பார்க்க 4.1ஐ எடுங்கள். அதன் வர்க்கம் 16.81, 9 சேர்த்தால் 25.81, வர்க்கமூலம் ஏறத்தாழ 5.08. எண் 0.1 கூட, விடை 0.08 கூடியது. உட்கண்ணியை மறந்தவர் 5.01 என்ற பிழையான விடையைப் பெறுவார். இளைஞர்கள் இதனைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டுகிறேன்.

1684இல் லைப்னிட்சு தம் முறையை அச்சில் வெளியிட்டார். 1696இல் பிரெஞ்சுக்காரர் லோபிதால் நுண்கணிதத்திற்கு முதற் பாடநூலை வெளியிட்டார். லைப்னிட்சின் குறியீட்டில் இவ்விதி, பின்னத்தின் மேலும் கீழும் உள்ள ஒரே உறுப்பை அடித்துவிடுவது போல எளிதாகத் தோன்றும். அத்தோற்றமே நெடுங்காலம் மெய்ப்பிப்பாகவும் கொள்ளப்பட்டது. ஆயின் நடுவில் உள்ள மாறி அசையாமல் நின்றுவிட்டால், அதன் மாற்றம் பூச்சியமாகும். பூச்சியத்தால் வகுத்தல் கூடாது. எனவே விதிக்கு உறுதியான அடித்தளம் வேண்டியிருந்தது. 1797இல் லக்ராஞ்சு சார்புகளைப் பற்றிய தம் நூலில் இவ்விதியை இன்றைய வடிவை ஒட்டிக் கூறினார். 1820களில் கோஷி, எல்லை என்னும் கருத்தின் மேல் நுண்கணிதத்தைக் கட்டினார்.

லக்ராஞ்சின் அந்நூல் பாரிசில் எக்கோல் பொலிடெக்னிக் என்னும் நிறுவனத்தில் அவர் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து பிறந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் விளைவாக 1794இல் தோன்றிய அந்நிறுவனத்தில், பிறப்பு நோக்காது போட்டித் தேர்வின் வழியே மாணவர் சேர்க்கப்பட்டனர். அங்கு லக்ராஞ்சுக்குப் பின் 1797இல் அவர் பதவிக்கு வந்தவர் பூரியே. அவர் ஒரு தையற்காரரின் மகன். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். புரட்சிக்கு முன் பீரங்கிப் படைப் பிரிவில் சேர அவர் விண்ணப்பித்தபோது, உயர்குடிப் பிறப்பு இல்லை என்ற காரணத்தால் மறுக்கப்பட்டார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். அப்பூரியேதான் 1822இல் வெப்பம் பரவும் முறையைக் கணிதத்தால் விளக்கிய பெருநூலை வெளியிட்டார். வெப்பத்தின் கணிதத்தைப் படிப்போர் இன்றும் அவர் பெயரைச் சொல்லாமல் இருக்க இயலாது. கதவு திறந்ததால் உலகம் பெற்ற பேறு அது.

அறுந்த சங்கிலியும் அறாத சங்கிலியும்

இங்கு ஒரு வினா எழுகிறது. கேரளத்தில் அத்துணை உயரம் சென்ற கணிதம் ஏன் அங்கிருந்து நாடெங்கும் பரவவில்லை?

அம்மரபும் ஒரு சங்கிலியே. 14ஆம் நூற்றாண்டில் மாதவர். அவரை அடுத்துப் பரமேசுவரர். அவர் மகன் தாமோதரர். அவர் மாணவர் நீலகண்டர். தாமோதரரிடமே கற்ற இளையவர் சேட்டதேவர். அவர் மாணவர் அச்சுதப் பிசாரடி. ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு அறிவு சென்றது. சேட்டதேவர் 1530ஐ ஒட்டி யுக்திபாஷை என்னும் நூலை வடமொழியை விடுத்து மக்கள் பேசும் மலையாளத்திலேயே எழுதினார். விதிகளை மட்டும் கூறாமல் அவற்றிற்கான காரணங்களையும் விளக்கினார். ‘ஏன் பெருக்க வேண்டும்’ என்று கேட்கும் மாணவருக்கு ஏற்ற நூல் அது. நம்பூதிரிகளோடு, கோயிற் பணி செய்யும் வாரியரும் பிசாரடியும் அம்மரபில் இடம்பெற்றனர் என்பதும் குறிக்கத்தக்கது.

ஆயினும் அச்சங்கிலி ஒரு சில இல்லங்களின் வாயிலைத் தாண்டவில்லை. வயலில் உழைத்த புலையரும் பறையரும் அக்கல்வியின் அருகே நெருங்க இயலாத காலம் அது. பாமர மக்களுக்கும் பிற தொழிலாளருக்கும் அந்நூல்கள் எட்டவில்லை, அச்சேறவும் இல்லை. 1830களில் ஆங்கிலேய அதிகாரி சார்லஸ் விஷ் கட்டுரை எழுதும்வரை வெளியுலகம் அவற்றை அறியவில்லை. அரசியல் மாற்றங்களும் போர்களும் காரணமாகலாம். ஒரே காரணத்தைச் சுட்டுதல் வரலாற்று முறையன்று. எனினும் மிகச் சிலர் கையில் மட்டும் இருந்த சங்கிலி, அச்சிலர் மறைந்ததும் அறுந்தது என்பதை மறுக்க இயலாது.

கல்வியின் வாயிலை அடைத்த வழக்கம் நூற்றாண்டுகள் நீடித்தது. 1900களின் தொடக்கத்தில் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்ததாகத் தனஞ்செய் கீர் எழுதிய அம்பேத்கர் வாழ்க்கை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆசிரியர் ஒரு கணக்கைத் தீர்க்குமாறு சிறுவர் பீமராவைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. கரும்பலகையின் பின்னே சாதி இந்து மாணவர்களின் உணவுப் பெட்டிகள் இருந்தன. பீமராவ் அங்குச் செல்லுமுன் அவற்றை அகற்ற அவர்கள் ஓடினர். அத்தகைய வகுப்பில் கற்ற அச்சிறுவர் 1907இல் மெட்ரிக்குலேசன் தேறி, 1913இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்று, பின்னாளில் நம் அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவரானார். கரும்பலகைக்கும் நமக்கும் இடையே இருந்தது கணிதத்தின் கடினம் அன்று, உணவுப் பெட்டிகளே.

சென்னை மாகாணத்தில் 1893இல் அரசு பஞ்சமர் கல்விக்கென ஆணை பிறப்பித்தது. 1894இல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அவை எழுத்தறிவின் தொடக்கம். நுண்கணிதமோ அதற்குப் பின்னும் பல காலம் பெரும்பாலும் கல்லூரிப் பாடமாகவே இருந்தது. கல்லூரிக்குச் செல்ல இயலாத சிற்றூர் மாணவர் அதன் பெயரையும் அறியாதிருந்தனர். 1978இல் தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி தொடங்கியதும், புகுமுக வகுப்பில் இருந்த அப்பாடம் ஊர்ப் பள்ளிக்கு வந்தது. தமிழ் வழியில் படிப்போர்க்கும் வந்தது. லைப்னிட்சின் குறிப்பிலிருந்து நம் பிள்ளைகளின் பலகை வரை வர அதற்கு 300 ஆண்டுகள் ஆயின.

2001-2002ஆம் கல்வியாண்டில், மேனிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் பிற மாணவர்க்கும் விரிந்தது. மிதிவண்டியின் முன் பல்சக்கரத்தில் 48 பற்களும் பின் சக்கரத்தில் 16 பற்களும் இருக்குமாயின், மிதிப்பு ஒரு சுற்றுச் சுற்றப் பின்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும். சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2 மீட்டர் உருளும் எனில், மிதிப்பின் ஒரு சுற்றுக்கு 6 மீட்டர் தொலைவு. சங்கிலி விதியைக் கற்கும் அதே வகுப்பில் நம் பெண்களின் கைக்கு ஒரு சங்கிலியும் வந்து சேர்ந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் சட்டம் வேண்டியிருந்த நாட்டில், சங்கிலி என்றால் விலங்கு என்றே அறிந்திருந்த மக்களுக்கு, இது வேறு வகைச் சங்கிலி.

பெருக்கலின் பாடம்

மாணவரின் வினாவுக்கு மீண்டும் வருவோம். ஏன் பெருக்க வேண்டும்? அதன் காரணத்தைக் கண்டோம். அதன் விளைவையும் காண வேண்டும்.

கூட்டலில் ஓர் உறுப்பு பூச்சியமானால் மற்றவை எஞ்சி நிற்கும். பெருக்கலில் ஒரே ஒரு கண்ணி பூச்சியமானாலும் விடை முழுவதும் பூச்சியமாகும். முதற் கண்ணி எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை. பல்சக்கரங்களுள் ஒன்றில் பற்கள் தேய்ந்துவிட்டால், படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்தும் முள் நகராது.

நம் கல்வியைப் பலர் கூட்டல் என்று எண்ணுகின்றனர். பள்ளிக் கட்டடம் இருக்கிறது, நூல் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, ஏதேனும் ஒன்று குறைந்தாலும் மற்றவை ஈடு செய்யும் என்று கருதுகின்றனர். என் பணிக்காலத்தில் நான் கண்டது வேறு. பத்தாம் வகுப்பில் நன்கு தேறியவர், பதினொன்றாம் வகுப்பில் ஒரு பாடத்தை விளக்குவார் இன்றி நின்றுவிடுகிறார். கணித ஆசிரியர் இடம் ஓராண்டு காலியாயிருந்தால் அவ்வாண்டின் கண்ணி பூச்சியமாகிறது. மதிப்பெண் பெற்றவருக்குக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லித் தருவார் இல்லையெனில் அக்கண்ணி பூச்சியமாகிறது. அதன்பின் முன்னைய பத்தாண்டு உழைப்பும் ஆலை வாயிலில் ஒப்பந்தப் பணிக்கு வரிசையில் நிற்பதில் முடிகிறது. அப்பணியை நான் இழிவாகக் கூறவில்லை, எத்தொழிலும் மதிப்புடையதே. ஆயின் அந்த ஆலையின் வரைபடத்தை வரையும் பணியும் தரத்தைச் சோதிக்கும் பணியும் நம் பிள்ளைகளுக்கு எட்டாக் கனியாக ஏன் இருக்க வேண்டும் என்பதே என் கேள்வி. மனித வாழ்வை எண்ணோடு முழுவதும் ஒப்பிடல் இயலாது. பூச்சியமான கண்ணியையும் நாம் மீண்டும் கோக்கலாம் என்பதே கணக்கிற்கும் வாழ்வுக்கும் உள்ள வேறுபாடு.

நம் சங்கம் 25 ஆண்டுகளாக மாலை வகுப்புகள் நடத்தி வருகிறது. பெரும்பாலும் பத்தாம் வகுப்பு வரையிலான பாடங்களே அங்குக் கற்பிக்கப்படுகின்றன. இனி வரும் ஆண்டுகளில் மேனிலைக் கணிதத்திற்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்பதை இவ்விழாவின் வாயிலாக வேண்டுகிறேன். பட்டயப் படிப்பும் பொறியியலும் முடித்து ஓசூர் ஆலைகளிலும் பெங்களூரிலும் பணியாற்றும் நம் இளைஞர் பலர் உள்ளனர். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் அவர்கள் ஒதுக்கினால் போதும். கற்பிக்க வருவோர் ‘மனப்பாடம் செய்’ என்று கூறாது, ‘ஏன்’ என்று கேட்கும் பிள்ளைக்கு விடை கூற வேண்டும். விடை தெரியவில்லையெனில் நான் செய்தது போல அப்பிள்ளையுடன் அமர்ந்து கற்க வேண்டும். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

மாதவரின் மரபு உயர்ந்த அறிவைக் கொண்டிருந்தும் குறுகிய வட்டத்தில் நின்றதால் அறுந்தது. லைப்னிட்சின் குறிப்பு ஒரு பிழையோடு பிறந்தும் பலர் கைக்குச் சென்றதால் திருத்தம் பெற்று வளர்ந்தது. இவ்விரண்டில் எதனைப் பின்பற்ற வேண்டும் என்பதை நம் இளைஞர் அறிவர். கற்றவர் ஒவ்வொருவரும் கல்லாத ஒருவரோடு தம்மைக் கோத்துக்கொள்வாராக! நம் சங்கத்தின் பொன்விழா மலரில் இதே விதியைப் பற்றி, கணிதத்தில் மேற்பட்டம் பெற்ற நம் பெண் ஒருவர் என்னைக் காட்டிலும் தெளிவாக எழுதட்டும்.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!